சாரோட லாக் புக்

எங்க வீட்டு பீரோ மேல் தட்டுல நீல அட்டை போட்ட தடி நோட்டு ஒண்ணு இருக்கு. ஏர்ஃபோர்ஸ்ல பைலட்டா இருந்தவங்க எல்லார்கிட்டயும் இப்படி ஒண்ணு இருக்கும், பறந்த ஒவ்வொரு தடவையும் தேதி, விமானம், யாரு ஓட்டுனது, கூட யாரு, எதுக்குப் போனது, எத்தனை மணி நேரம்னு கட்டம் கட்டமா எழுதணும். ஆனா இது என்னோடது இல்ல, என்னோடது கீழ் தட்டுல கிடக்கு. இது எனக்குப் பறக்கச் சொல்லிக் குடுத்த சாரோடது. 2024ல அக்கா, அதான் சாரோட வீட்டம்மா, ஒரு மஞ்சப்பையில போட்டு என் கைல குடுத்தாங்க. "உன்கிட்டதான் இருக்கணும் தம்பி, எங்க பிள்ளைங்களுக்கு இத எப்படி எழுதறதுன்னு தெரியாது"ன்னாங்க.

எப்படி எழுதறதுன்னு. படிக்கறதுன்னு சொல்லல. ஏன்னு கடைசியில சொல்றேன்.

சார் பேரை இங்க போடல, அவருக்கு அதெல்லாம் பிடிக்காது. தஞ்சாவூருக்கு மேற்க, தென்பெரம்பூர் பக்கம் அவரு ஊரு, வெண்ணாத்துலேர்ந்து வெட்டாறு பிரியுற ரெகுலேட்டர் இருக்குல்ல, அங்கேர்ந்து கொஞ்ச தூரம். எனக்கு முத்துப்பேட்டைக்கு இந்தப்பக்கம், பாமணியாத்து கடைமடை. அவங்க ஊர் மதகுல பாயுற தண்ணிதான் நீடாமங்கலத்துல மூணாறு தலைப்பு வந்து, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு பிரிஞ்சு, மன்னார்குடி தாண்டி எங்க ஊருக்கு வரணும். ஒரே தண்ணி, அவருக்கு முதல்ல, எனக்கு கடைசியில. இதெல்லாம் தெரியாமத்தான் நாங்க ரெண்டு பேரும் ஹைதராபாத் பக்கத்துல துண்டிக்கல் ஏர்ஃபோர்ஸ் அகாடமியில சந்திச்சோம், அவரு ஸ்குவாட்ரன் லீடர், நான் 20 வயசு ஃப்ளைட் கேடட்.

எண்பதுகள்ல நடந்தது. பிஸ்டன் எஞ்சின் விமானத்துல ஆரம்பப் பயிற்சி முடிச்சிட்டு ஏர்ஃபோர்ஸ் அகாடமிக்கு வந்து கிரண் ஜெட்ல உக்காந்தோம். கிரண் நம்ம பெங்களூர்ல எச்ஏஎல்ங்கற விமானக் கம்பெனி கட்டுனது, 1964ல முதல் தடவை பறந்துச்சு, அப்புறம் எத்தனையோ வருஷம் நம்ம பைலட்டுங்களுக்கு முதல் ஜெட் அதுதான். அதுல ரெண்டு சீட்டு பக்கத்துல பக்கத்துல இருக்கும். இடது பக்கம் மாணவன், வலது பக்கம் இன்ஸ்ட்ரக்டர். முன்ன பின்ன உக்கார்ற விமானமா இருந்தா இன்ஸ்ட்ரக்டர் மூஞ்சி தெரியாது, குரல் மட்டும்தான் ஹெல்மெட்ல கேக்கும். கிரண்ல அப்படி இல்ல, அவரு கை எங்க இருக்குன்னு ஓரக்கண்ணுல தெரியும். சாரோட வலது கை, விமானத்த ஓட்டுற ஸ்டிக்குக்கு ஒரு விரக்கடை தூரத்துல இருக்கும், தொடாது. நான் எவ்வளவு தப்பு பண்ணாலும் அந்த ஒரு விரக்கடை குறையாது, நிஜமாவே ஆபத்துன்னு ஆனாத்தான் கை வரும். என்கூட பறந்த மொத்த நேரத்துல ரெண்டே தடவைதான் வந்துச்சு, ரெண்டும் எனக்கு இன்னும் நல்லா நினைவிருக்கு.

அவரு தாம்பரத்துல ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல்ல படிச்சவரு. 1954லேர்ந்து அது தாம்பரத்துலதான் இருக்கு. நல்ல பைலட்டா இருந்தா மட்டும் பத்தாது, சொல்லிக் குடுக்கத் தெரியணும், அதுக்குன்னே தனிப் பள்ளிக்கூடம் அது. அங்க "பேட்டர்"னு ஒண்ணு பழக்குவாங்க. கை செய்யறத வாய் அதே நேரத்துல சொல்லணும், ஒரு வார்த்தை முன்னாலயும் வரக்கூடாது, பின்னாலயும் வரக்கூடாது. "இப்ப பவர் குறைக்கறேன், மூக்கு இறங்குது, பிடிச்சு நிறுத்தறேன், ட்ரிம் பண்றேன்"னு இங்கிலீஷ்ல ஓடிக்கிட்டே இருக்கும், அதுக்கு சரியா ஸ்டிக்கும் நகரும். அந்தப் பழக்கம் சாரை விட்டு கடைசி வரைக்கும் போகல. ரிட்டயர் ஆயி ஊருக்கு வந்தப்புறம் நாத்தங்கால்ல விதை தெளிக்கும்போது கூட மெதுவா வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே தெளிப்பாரு, நான் வரப்புல நின்னு கேட்டிருக்கேன்.

எனக்கு லேண்டிங் வரல. அத ஒளிக்காம சொல்லணும். கூட இருந்த பசங்க ஒவ்வொருத்தனா சோலோ, அதாவது தனியாப் பறந்துட்டு வந்துட்டானுங்க, நான் மட்டும் ஓடுபாதையச் சுத்தி சர்க்யூட் சுத்திக்கிட்டே இருந்தேன். ஓடுபாதைக்குப் பக்கவாட்டுல போற டவுன்விண்ட் நல்லா இருக்கும், ஓடுபாதைக்கு நேரா இறங்கி வர்ற ஃபைனல்ஸ்ல வேகம் சரியா இருக்கும், ஓடுபாதை கிட்ட வந்து மூக்கைத் தூக்குற இடத்துல எல்லாம் கெட்டுப் போகும். சீக்கிரமே தூக்கிடுவேன், விமானம் பலூன் மாதிரி மேல எழும்பும், அப்புறம் வேகம் செத்து தொப்புன்னு விழும். எக்ஸ்ட்ரா சார்ட்டி, அதாவது இன்னும் சில தடவை பறக்க, குடுத்தாங்க. அதுவும் சரியா வரலைன்னா வேற ஒருத்தர் வந்து செக் பண்ணுவாரு, அதுலயும் தேறலைன்னா பெட்டியக் கட்ட வேண்டியதுதான். எங்க ஊர்ல டீக்கடையில எல்லாம் எங்கப்பா "பையன் ஜெட் ஓட்டறான்"னு சொல்லிட்டாரு. ராத்திரி தூக்கம் வராது.

அன்னைக்கு ஒரு சார்ட்டி முடிஞ்சு டீப்ரீஃபிங். மூணு லேண்டிங்கும் மோசம். அங்க எல்லாமே இங்கிலீஷ்தான், தமிழ்ல பேசுனா ரெண்டு பேருக்குமே நல்லதில்ல. சார் கரும்பலகையில ஓடுபாதைய வரைஞ்சாரு, விமானத்த வரைஞ்சாரு, அப்புறம் சாக்பீஸ கீழ வெச்சுட்டு கதவை சாத்திட்டு வந்து தமிழ்ல கேட்டாரு.

"உங்க ஊர்ல வாய்க்கா இருக்கா?"

"இருக்கு சார்."

"மூங்கில் பாலம்?"

"இருக்கு சார், ரெண்டு மூங்கில போட்டு, பிடிச்சுக்க ஒரு கயிறு கட்டியிருப்பாங்க."

"தலையில நாத்துக்கட்டு வெச்சுக்கிட்டு அதுல போறப்ப எங்க பாப்ப?"

நான் யோசிக்கவே இல்ல. "அக்கரைய சார். காலப் பாத்தா விழுந்துருவோம்."

"அப்புறம் ஏண்டா இங்க மட்டும் காலப் பாக்கற?"

அவ்வளவுதான். கதவைத் திறந்து விட்டுட்டு பழையபடி இங்கிலீஷ்ல "நெக்ஸ்ட்"னு கூப்பிட்டாரு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. புத்தகத்துல இருக்கிற விஷயம்தான் அது, தரைக்கு எவ்வளவு உயரத்துல இருக்கோம்னு கண்ணு சரியா கணக்குப் போடணும்னா பார்வை ஓடுபாதையோட அந்தக் கோடிக்குப் போகணும், கிட்ட இருக்கற தரை வேகமா பின்னால ஓடும், அதப் பாத்தா மனசு பயந்து கை தானா ஸ்டிக்க இழுத்துரும். நூறு தடவை படிச்சிருக்கேன். ஆனா என் உடம்புக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயம் அதுன்னு அந்த மனுசனுக்குத்தான் தோணுச்சு. மறுநாள் மூணு லேண்டிங், மூணும் சரி. அதுக்கு அடுத்த நாள் சோலோ செக். அதுக்கப்புறம் சோலோ.

சோலோ அன்னைக்கு வலது சீட்டு காலியா இருக்கும், பெல்ட்டையெல்லாம் இறுக்கிக் கட்டி எஜெக்‌ஷன் சீட்டுக்கு சேஃப்டி பின் மாட்டி வெச்சிருப்பாங்க. ஒரு ஆள் வெயிட் இல்லாததால விமானம் சீக்கிரமே தரைய விட்டுக் கிளம்பும், இறங்கும்போது கொஞ்சம் கூடுதலா மிதக்கும், இதெல்லாம் முன்னாடியே சொல்லிடுவாங்க. ஆனா ஓரக்கண்ணுல அந்தக் கை இருக்காதுங்கறத யாரும் சொல்லல. ஒரு சுத்து சுத்தி வந்து இறங்கி நிறுத்தினேன். சார் வெயில்ல நின்னுக்கிட்டிருந்தாரு, கைல வாட்ச். இறங்கினதும் கை குடுத்துட்டு "நான் நினைச்சத விட 20 செகண்ட் லேட்"னாரு. நான் கிளம்புனதுலேர்ந்து இறங்குற வரைக்கும் கணக்குப் பண்ணிக்கிட்டு நின்னுருக்காரு.

அவரப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும்னா அதத்தான் சொல்லுவேன். நீ எங்க இருக்க, எப்ப வரணும்னு அவருக்குத் தெரியும், அந்த நேரத்துக்கு அங்க நிப்பாரு.

நேவிகேஷன் சொல்லிக் குடுத்ததும் அவருதான். அப்ப ஜிபிஎஸ் எல்லாம் கிடையாது, மேப், காம்பஸ், ஸ்டாப் வாட்ச், அவ்வளவுதான். மேப்ல போற வழிய கோடு போட்டு நிமிஷத்துக்கு ஒரு அடையாளம் வெச்சுக்கணும், 240 நாட், அதாவது மணிக்கு 240 நாட்டிகல் மைல் வேகம்னா நிமிஷத்துக்கு 4 நாட்டிகல் மைல். பறக்கறப்ப முதல்ல வாட்ச்சப் பாக்கணும், இத்தனை நிமிஷம்னா மேப்ல எந்த இடம்னு பாக்கணும், அதுக்கப்புறம்தான் குனிஞ்சு தரையில அது இருக்கான்னு பாக்கணும். வாட்ச், மேப், தரை. நான் தலைகீழாப் பண்ணேன். கீழ ஒரு ஏரியப் பாத்துட்டு அதே மாதிரி ஏரிய மேப்ல தேடினேன். தெலங்கானாவுல ஊருக்கு ஒரு ஏரி, எது வேணும்னாலும் பொருந்தும். சந்தோஷமா "அந்த ஏரிதான் சார்"னேன். சார் "ஓகே"ன்னாரு. நாலு நிமிஷம் என்னைத் தப்பான பக்கத்துலயே போக விட்டாரு, நாலு நிமிஷம்னா 16 மைல், அடுத்து வர வேண்டிய ரயில் பாதை வரல, எனக்கு வேர்த்துப் போச்சு, அப்புறம் நானே வாட்ச்சப் பாத்துக் கணக்குப் போட்டு எங்க இருக்கோம்னு கண்டுபிடிச்சு திரும்பினேன். கீழ இறங்கினதும் கேட்டேன், ஏன் சார் சொல்லலன்னு. "எனக்கு வழி தெரியும், பெட்ரோலும் இருந்துச்சு, நீ காணாமப் போறதுக்கு இதவிட நல்ல எடம் கிடைக்காது"ன்னாரு.

எனக்கு ஃபைட்டர் கிடைக்கல. ட்ரான்ஸ்போர்ட்னு, சரக்கும் ஆளும் ஏத்துற விமானத்துக்குப் போட்டு, பெங்களூர் பக்கத்துல எலகங்காவுக்கு அனுப்பினாங்க. அந்த வயசுல அது பெரிய அடி. வேற ஊருக்கு மாறிப் போயிருந்த சார்கிட்டேர்ந்து ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்துச்சு, தமிழ்ல, நாலே வரி. ஆறுதல்னு ஒரு வார்த்தை இல்ல. ஆன்டனோவ் 32ங்கற ட்ரான்ஸ்போர்ட் விமானத்துல எஞ்சின் ஏன் றெக்கைக்கு மேல அவ்வளவு உயரத்துல வெச்சிருக்குன்னு படிச்சுட்டு எழுதுன்னு கேட்டிருந்தாரு. நான் படிச்சு எழுதினேன், பெரிய ப்ரொப்பெல்லர் சுத்தறதுக்கு இடம் வேணும், மண் ஓடுபாதையில இறங்கினா கல்லும் தூசியும் எஞ்சினுக்குள்ள போகாம இருக்கணும்னு. அவரு அதுக்கு ஒரு கேள்வி திருப்பிக் கேட்டாரு. அப்படியே 15 வருஷம் லெட்டர் ஓடுச்சு. கல்யாணத்துக்கு வந்தாரு, எங்கப்பா தவறுனப்ப ராத்திரி பஸ் பிடிச்சு விடியக்காலைல முத்துப்பேட்டையில இறங்கி நடந்தே வந்தாரு. "சார்"ங்கறது மாறல, "தம்பி"ங்கறதும் மாறல, ஆனா எப்பவோ ஒரு நாள் நாங்க சிநேகிதங்க ஆயிட்டோம், அது எந்த நாள்னு எனக்குக் குறிச்சு வெக்கத் தெரியல.

2004 டிசம்பர் 26 சுனாமி. நான் தாம்பரத்துலேர்ந்து ஆன்டனோவ்ல கார் நிக்கோபார் போய் வந்துக்கிட்டிருந்தேன். அங்க நம்ம ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனே அடிச்சுட்டுப் போச்சு, நூத்துக்கும் மேல நம்ம ஆளுங்களும் அவங்க குடும்பமும் போயிட்டாங்க. ஓடுபாதையிலயும் சேதம், நல்லா இருக்கற பகுதியில பாத்து இறங்கணும். ஃபைனல்ஸ்ல வரும்போது அக்கரை எதுன்னு தேடினேன், கோடி வரைக்கும் பார்வைய விட முடியாது, நல்ல தரை எங்க முடியுதோ அதான் அக்கரைன்னு கண்ண அங்க வெச்சேன். திரும்பும்போது ஆளுங்கள ஏத்திக்கிட்டு வந்தோம், அதப் பத்தி எழுத முடியல. மூணாவது நாளோ நாலாவது நாளோ தாம்பரத்துல இறங்கி ஃபோன் பண்ணா சார் வீட்டுல இல்ல, நாகப்பட்டினத்துல இருக்காருன்னு அக்கா சொன்னாங்க. ஊர்க்காரங்க அரிசியும் துணியும் ஏத்திக்கிட்டு கிளம்புன லாரியில அவரும் ஏறிப் போயிட்டாரு. ஒரே கடலு, அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவரு.

நானும் வேலைய விட்டு ஊருக்கு வந்தப்புறம்தான் தண்ணிக் கணக்கு ஆரம்பிச்சுது. டெல்டாக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, ஜூன் 12 மேட்டூர் திறந்தா குறுவை, இல்லைன்னா வானத்தப் பாக்கணும். அணை 120 அடி, 93.47 டிஎம்சி, இதெல்லாம் எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கூட வாய்ப்பாடு. மேட்டூர்ல ஷட்டர் தூக்குனா மாயனூர், முக்கொம்பு, கல்லணைன்னு மூணு நாலு நாள்ல வந்துரும், கல்லணையில காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரியும், சார் மதகுக்கு மறுநாளோ அதுக்கு மறுநாளோ. அங்கேர்ந்து எங்க கடைமடைக்கு வர்றதுக்குத்தான் பத்து நாளும் ஆகும், பதினஞ்சும் ஆகும்.

தண்ணி அவரு மதகத் தொட்டதும் ஃபோன் வரும். "தம்பி, காலைல 5:15. உன்னுது என்னைக்கு?" நான் தேதி சொல்லணும். அந்தத் தேதிக்குள்ள வந்துச்சா, முந்தியா பிந்தியா, ஏன்னு எங்க ஊருக்குத் தண்ணி வந்த நிமிஷம் நான் திருப்பி ஃபோன் பண்ணிச் சொல்லணும். "சும்மா லேட்டுன்னு சொல்லாத, எங்க லேட்டாச்சு, எதனால"ன்னு விட மாட்டாரு. நான் பைக்க எடுத்துக்கிட்டு ஆத்தோரமா மேல போய் பாத்துட்டு வந்து சொல்லுவேன், மண்ணு மேடு தட்டிக் கிடக்கு, வெங்காயத்தாமரை அடைச்சுக்கிட்டிருக்குன்னு. அந்தப் பத்து நாளும் அவரு ஃபோன் பக்கத்துலயே இருப்பாரு, எந்நேரம் அடிச்சாலும் ரெண்டாவது ரிங்ல எடுத்துருவாரு.

2018 மறக்க முடியாத வருஷம். ஜூலை 19 மேட்டூர் திறந்தாங்க, கர்நாடகாவுல நல்ல மழை, ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில கொள்ளிடம் ஷட்டர் ஒம்பது உடைஞ்சு போச்சு. எல்லாம் தாண்டி பயிர் நின்னுச்சேன்னு இருந்தா நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல். வேதாரண்யத்துக்கிட்ட கரை ஏறி எங்க பக்கம் வழிச்சுட்டுப் போச்சு. எங்கப்பா வெச்ச தென்னை எல்லாம் ஒரே பக்கமா தலை சாஞ்சு கிடந்துச்சு. கரண்ட் இல்ல, ஃபோன் இல்ல. ரெண்டாவது நாள் மத்தியானம் ஒரு மினி லாரி மரத்த வெட்டி வெட்டி வழி பண்ணிக்கிட்டு தெருவுக்குள்ள வருது, முன் சீட்டுல சார். 72 வயசு. தார்ப்பாய், மெழுகுவத்தி, ஒரு வாடகை ஜெனரேட்டர், அக்கா கட்டிக் குடுத்த புளிச்சோறு. இறங்கினதும் வாட்ச்சப் பாத்தாரு. "நேத்தே வந்துருக்கணும். மன்னார்குடிக்கு அப்புறம் மரம்." லேட்டானதுக்குக் காரணம் சொல்றாரு எங்கிட்ட! நான் அவரக் கட்டிக்கிட்டு அழுதேன், அதுக்கு முன்னாடி அவர நான் தொட்டதுன்னா கை குடுத்தது மட்டும்தான்.

2020 ஜனவரியில தஞ்சாவூர் ஸ்டேஷனுக்கு சுகோய் 30 போர் விமான ஸ்குவாட்ரன் வந்துச்சு, 222ஆவது ஸ்குவாட்ரன். அதுக்கப்புறம் அவரு ஊர்ல நடவு நடக்கறப்ப மேல சத்தம் கேட்டா பொம்பளைங்க எல்லாம் நிமிந்து பாப்பாங்க, சார் மட்டும் நிமிராம சத்தத்த வெச்சே எந்தப் பக்கம் திரும்பறான்னு சொல்லுவாரு. அப்புறமா நிமிந்து சரிபாப்பாரு. கண்ணுல புரை விழுந்து ஆபரேஷன் பண்ணப்புறமும் அப்படித்தான்.

2024 தை மாசம் தவறிட்டாரு. தூக்கத்துலயே. நான் போய்ச் சேரும்போது மணி பதினொண்ணு, அக்கா என்னைப் பாத்ததும் முதல்ல சொன்னது "நீ இந்நேரத்துக்கு வருவேன்னு சொன்னேன் தம்பி இவங்ககிட்ட"ன்னுதான்.

காரியம் எல்லாம் முடிஞ்சு மஞ்சப்பைய வீட்டுக்குக் கொண்டு வந்து திறந்து பாத்தேன். அவரு கடைசியாப் பறந்த தேதிக்கு அடியில சிவப்பு மசியில ஒரு கோடு. பக்கத்தப் புரட்டினா மறுபடியும் எழுத்து. அதே கட்டங்கள்ல மேட்டூர் திறந்த தேதி, கல்லணை, அவரு மதகு, எங்க ஊரு, எத்தனை நாள், எவ்வளவு வித்தியாசம். 2016 செப்டம்பர் 20. 2017 அக்டோபர் 2, அதுக்குப் பக்கத்துல "குறுவை இல்லை"ன்னு மட்டும். 2020 ஜூன் 12, எட்டு வருஷத்துக்கு அப்புறம் சொன்ன தேதியில திறந்தது, அடியில ரெண்டு கோடு போட்டிருக்கு. 2022 மே 24. 2023 ஜூன் 12. விமானம்னு இருக்கிற கட்டத்துல வெண்ணாறு, பாமணியாறுன்னு எழுதியிருக்காரு. கேப்டன் கட்டத்துல "காவேரி". ரெண்டாவது பைலட் கட்டத்துல ஒவ்வொரு வருஷமும், ஒரு வருஷம் கூட விடாம, என் இனிஷியல்.

2024 ஜூலை 28தான் மேட்டூர் திறந்தாங்க. நான்தான் எழுதினேன். சார் மதகுக் கட்டத்த என்ன பண்றதுன்னு தெரியாம காலியா விட்டுட்டேன்.

2025ல ஜூன் 12 திறந்தாங்க, 15ஆம் தேதி கல்லணை. 17ஆம் தேதி காலைல நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருக்கேன், ஃபோன் அடிக்குது. அக்கா.

"தம்பி, மதகுக்கு வந்துருச்சு. 6:40. எழுதிக்க."

எனக்கு ஒண்ணும் பேச வரல. அக்காவே கேட்டாங்க, "உன்னுது என்னைக்கு?"

நான் வாட்ச்சப் பாத்தேன், அப்புறம் உள்ள போய் நோட்ட எடுத்து பழைய வருஷத்துக் கணக்கெல்லாம் பாத்தேன், அதுக்கப்புறம் வாசல்ல நின்னு காஞ்சு கிடக்கற வாய்க்காலப் பாத்தேன். "29 சாயங்காலம்க்கா"ன்னேன். "சரி, பாப்போம்"னு வெச்சுட்டாங்க.

29 ராத்திரி வரைக்கும் வரல. 30ஆம் தேதி விடியக்காலம் நாலரைக்கு நாய் குலைச்சுச்சு, டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போனா வாய்க்கால்ல நுரையும் சருகுமா தண்ணி தலை நீட்டி வருது. உள்ள வந்து "பிளஸ் 1, மன்னார்குடிக்குக் கீழ வெங்காயத்தாமரை"ன்னு எழுதிட்டு, இந்நேரத்துல எழுப்பலாமான்னு யோசிச்சுக்கிட்டே நம்பர அடிச்சேன். ரெண்டாவது ரிங்ல எடுத்துட்டாங்க.